முதுமை பேணிய ஏடுகள்

ஸிரியா நாட்டில், ஆஸீ என்னும் ஆற்றங்கரையில், பாறை முகட்டின் மீது ஷைஸர் என்றொரு கோட்டை நின்றது. அதன் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஷஅபான் மாதத்து நடு இரவொன்றில் – நம் ஊர்களில் பராஅத் இரவு என்கிறோமே, அந்த இரவில் – அக்கோட்டையை ஆண்ட குடும்பத்தின் வீடொன்றில் தொழுகை நடந்துகொண்டிருந்தது. முன்னின்று ஓதியவர் முர்ஷித் என்பவர். திருமறையை அழகுற ஓதுவதில் வல்லவர்; தம் கைப்படத் திருமறைப் பிரதிகள் பல எழுதியவர். அவருக்குப் பின்னே நின்று தொழுதவர் அவரைப் பெற்ற அன்னை. நெடுநேரமாக நின்றுகொண்டிருந்த அன்னையை எண்ணி மகனின் உள்ளம் பொறுக்கவில்லை. அமர்ந்து தொழலாமே என்று வேண்டினார். இதுபோன்ற மற்றோர் இரவைக் காணும் அளவுக்குத் தமக்கு நாள்கள் மீதம் உள்ளனவா என்று மகனையே திருப்பிக் கேட்டார் அன்னை. அமர மாட்டேன் என்று ஆணையிட்டும் சொல்லிவிட்டார். அப்போது அந்த மகனுக்கு வயது 70. அன்னை நூறை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இதனை நமக்குச் சொன்னவர் முர்ஷிதின் மைந்தர் உஸாமா இப்னு முன்கித் (1095–1188). வீரர், வேட்டைக்காரர், கவிஞர். ஸலாஹுத்தீனின் அவையில் இடம்பெற்றவர். தொண்ணூறு வயதளவில் அவர் தம் நினைவுகளைத் திரட்டி அமைத்த ‘கிதாபுல் இஃதிபார்’ என்னும் நூல், ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியல் நூலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் படியாக, முதற்பக்கங்கள் இழந்த நிலையில், 1880ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. சிலுவைப் போர்க் காலத்தை அறிய விரும்பும் எவரும் அதைப் புரட்டாமல் இருக்கமுடியாது. போர்க்களங்களையும் பரங்கியரின் பழக்கவழக்கங்களையும் தேடி அந்நூலைப் படிப்பவர்களே மிகுதி. நாமும் முதலில் அப்படித்தான் படித்தோம். சில ஆண்டுகள் கழித்து, எம் வீட்டில் ஒரு முதுமை வந்து குடியேறிய பிறகு அதே நூலை எடுத்தபோது, முன்பு தாண்டிச் சென்ற பக்கங்களிலேயே கண் நின்றது.

அவற்றுள் ஒன்று லுஃலுஆ என்னும் மூதாட்டியைப் பற்றியது. லுஃலுஆ என்றால் முத்து. நம் பக்கத்தில் ‘முத்து’ என்றே பெயர் வைத்திருப்பார்கள். உஸாமாவின் பாட்டனார் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த அவர், முர்ஷிதை வளர்த்தார். முர்ஷித் தனிக்குடித்தனம் போனபோது உடன் போனார். உஸாமா பிறந்ததும் அவரையும் வளர்த்தார். உஸாமாவும் மணம் முடித்துத் தனி இல்லம் அமைத்தபோது, அவருடன் வந்து அவருடைய பிள்ளைகளையும் வளர்த்தார். பகலில் நோன்பும் இரவில் தொழுகையுமாக வாழ்ந்த அந்த அம்மையார் மிக முதிர்ந்த காலத்தில் ஒருநாள் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். துணியிலிருந்து பாலாடைக்கட்டி வாடை போகவே இல்லை, தேய்க்கத் தேய்க்க மிகுகிறது என்று உஸாமாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். எந்தச் சவுக்காரத்தால் தேய்க்கிறீர்கள் என்று வாங்கிப் பார்த்தால், அவர் கையில் இருந்ததே பாலாடைக்கட்டிதான்! இது சவுக்காரம் அல்லவே, தாயே என்று உஸாமா எடுத்துச் சொல்ல, மூதாட்டி உற்றுப் பார்த்து, ஆமாம் மகனே, நான் சவுக்காரம் என்றல்லவா எண்ணிவிட்டேன் என்றாராம்.

உஸாமா இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. நெடிய ஆயுள் மனிதரை எப்படித் தலைகீழாக்குகிறது என்பதற்குச் சான்றாக எழுதினார். நாமோ வேறொன்றையும் கவனித்தோம். அரசகுடும்பத்தார் ஒருவர் தம்மை வளர்த்த பணிப்பெண்ணைத் தாயே என்று அழைக்கிறார். மூன்று தலைமுறைக்கு உழைத்து ஓய்ந்த அவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். துணி துவைக்கவும் செய்கிறார். யாரும் அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிவிடவில்லை. தவறு நேர்ந்தபோது அதட்டலும் இல்லை.

இத்தகைய மறதிக்கு அக்கால மருத்துவர்கள் என்ன வழி கண்டார்கள் என்று பார்க்கப் புகுந்தால், ஷைஸரிலிருந்து வடஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியிருக்கிறது. இன்றைய துனீஸியாவில் உள்ள கைரவான் நகரில், உஸாமாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் இப்னுல் ஜஸ்ஸார். மறதியையும் அதன் மருத்துவத்தையும் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். அது பின்னர் இலத்தீனுக்கும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் வழங்கியது. முதியவர்களின் உடல்நலம் காப்பது குறித்து ஒரு நூலும், ஏழை எளியோருக்கான மருத்துவம் குறித்து மற்றொரு நூலும் அவர் பெயரில் உள்ளன. நோயாளியைப் பார்ப்பது வீட்டின் உள்ளே. மருந்து கொடுப்பது வீட்டு முகப்பில் அமர்த்தியிருந்த உதவியாளர் கையால். நோயாளியிடமிருந்து நேரே தம் கையால் காசு வாங்கக் கூசியே அவர் இந்த ஏற்பாட்டைச் செய்தார் என்பது வரலாறு. அவரும் எண்பது வயதைக் கடந்து வாழ்ந்தவர்.

ஆயினும், முதுமை பேணலை ஒழுங்குபட எழுதியவர் என்று கேட்டால், இப்னு ஸீனாவையே (980–1037) சொல்லவேண்டும். அவரது ‘அல்கானூன்’ 11ஆம் நூற்றாண்டின் முதற்கால் பகுதியில் நிறைவுற்றது. ஐந்து பாகங்கள் கொண்ட அந்தப் பெருநூலில் முதியோர் பற்றிய பகுதி எங்கே இருக்கிறது என்பதே நமக்குப் பெரிய பாடம். தலைமுதல் கால்வரையுள்ள நோய்களைச் சொல்லும் மூன்றாம் பாகத்தில் அது இல்லை. காய்ச்சலும் கட்டியும் வரும் நான்காம் பாகத்திலும் இல்லை. முதற்பாகத்தில், உடல்நலம் காக்கும் முறைகளைச் சொல்லுமிடத்தில், குழந்தை வளர்ப்புக்கும் நடுவயதினரின் நலம் பேணலுக்கும் அடுத்தபடியாக, ‘தத்பீருல் மஷாயிக்’ என்னும் தலைப்பில் சில சிறு அத்தியாயங்களாக அது அமைந்திருக்கிறது. முதுமை ஒரு நோயன்று. நலத்தோடு கழிக்கவேண்டிய பருவங்களில் ஒன்று. இப்படி அவர் வாக்கியம் எழுதி வாதிடவில்லை. நூலை வகுத்த முறையிலேயே சொல்லிவிட்டார்.

மனித வாழ்வை நான்கு பருவங்களாக அவர் பகுத்தார். ஏறத்தாழ அறுபதைக் கடந்தால் முதுமை. உடலுக்குள் இயல்பாக உள்ள வெம்மையை விளக்குச் சுடராகவும், ஈரத்தை அதன் எண்ணெயாகவும் அக்கால மருத்துவர்கள் கருதினர். எண்ணெய் குறையக் குறையச் சுடர் தணியும். எந்த மருத்துவமும் மரணத்தைத் தடுக்காது. இருக்கும் எண்ணெயை வீணாக்காமல் எரியவிடுவதே மருத்துவன் வேலை என்பது இப்னு ஸீனாவின் நிலை. இந்தச் சுடர்க் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. அதை ஒதுக்கிவிட்டு அவர் சொன்ன நடைமுறையை மட்டும் பார்ப்போம்.

உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, செரிக்கும் வலிமைக்கு ஏற்ப, நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். சூரியன் எழுந்த மூன்றாம் மணியளவில், அதாவது நம் காலை ஒன்பது மணிவாக்கில், நன்கு வெந்த ரொட்டியும் தேனும். நண்பகல் தாண்டிக் குளித்தபின் மலத்தை இளக்கும் ஏதேனும் உணவு. இரவு நெருங்கும்போது சத்துள்ள உணவு. பால் ஒத்துக்கொள்பவர்க்குப் பால், ஒத்துக்கொள்ளாதவர்க்கு வேண்டாம். அத்திப்பழம், கீரை வகை, பாகில் இட்ட இஞ்சி. கடினமான, காரமான உணவுகளை விலக்கவேண்டும். மலச்சிக்கல் நேராமல் கவனிக்கவேண்டும். நீண்ட உறக்கம் வேண்டும். உடலில் எண்ணெய் தடவி அளவோடு பிடித்துவிடவேண்டும். நலிந்த உறுப்புகளையும் சிறுநீர்ப்பையையும் அழுத்தலாகாது. இதைப் படித்துவிட்டு நீரிழிவு உள்ள பெரியவருக்குத் தேன் ஊட்ட யாரும் கிளம்பிவிடவேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பட்டியலை அப்படியே கடைப்பிடிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ‘இவருக்கு ஒத்துக்கொள்கிறதா’ என்ற கேள்வி வரிக்கு வரி வருகிறதே, அதைத்தான் சுட்டுகிறோம்.

இவை யாவும் இப்னு ஸீனாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொள்வதும் சரியன்று. முதியவர்க்கு ரொட்டியும் தேனும் என்பது கிரேக்க மருத்துவர் ஜாலினூஸிடமிருந்து வந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாலினூஸ், தாம் அறிந்த இரு முதியவர்களைத் தம் நூலில் காட்டுகிறார். ஒருவர் அந்தியோக்கஸ் என்னும் மருத்துவர். எண்பது வயது தாண்டியும் நாளும் நகர மன்றத்துக்கு நடந்தே போனவர், நோயாளிகளையும் சென்று பார்த்தவர். மற்றவர் தெலிஃபஸ் என்னும் இலக்கண ஆசிரியர். நூறு வயதை எட்டும் அளவுக்கு வாழ்ந்தவர். குளிர்காலத்தில் மாதம் இருமுறையும் கோடையில் நான்கு முறையும் மட்டுமே குளிப்பாராம். நம் ஊர் வெயிலில் இது எடுபடாது! ஜாலினூஸின் நூல்களை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு 873) என்னும் கிறிஸ்தவ அறிஞரும் அவருடைய குழுவினரும் பக்தாதில் அரபியாக்கினர். கிரேக்கரின் அறிவு, கிறிஸ்தவரின் பெயர்ப்பு, முஸ்லிமின் தொகுப்பு. இந்த வழியில்தான் அது நம்மை வந்தடைந்தது. ‘யூனானி’ என்று நாம் சொல்லும் மருத்துவத்தின் பெயரே கிரேக்க நாட்டைத்தான் குறிக்கிறது. 57 வயதளவில் ஹமதானில் மறைந்த இப்னு ஸீனா, தாம் எழுதிய முதுமையைத் தாம் காணவில்லை என்பதும் இங்கு நினைவுக்கு வருகிறது.

முதியோர் அத்தியாயங்களில் நம்மைத் தாக்கியது உடற்பயிற்சி பற்றியது. முதியவரின் உடல்நிலை, அவருக்குள்ள குறைகள், அவருடைய பழைய வழக்கம் ஆகிய மூன்றையும் பார்த்துப் பயிற்சி வகுக்கவேண்டும் என்கிறார் இப்னு ஸீனா. தலைச்சுற்றல் உள்ளவரா? தலையைத் தாழ்த்தும் பயிற்சி கூடாது. உடலின் கீழ்ப்பகுதிக்கு வேலை கொடுக்கலாம். கால்கள் நலிந்தவரா? கைக்கும் தோளுக்கும் வேலை கொடுக்கலாம். ஒன்று போனால் மற்றது. எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், எது மீதம் இருக்கிறது என்று தேடுகிறார். படுக்கவைத்து விடுங்கள் என்று பொதுவாக எல்லா முதியவர்க்கும் அவர் சொல்லவில்லை.

இதைப் படித்தபோது ஏன் தாக்கியது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எம் உம்மா எழுபத்தெட்டாம் வயதில் கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை. ஒரு வாரம் ஓய்வு போதும் என்றார் பார்த்த மருத்துவர். அந்த ஒரு வாரத்தை மூன்று மாதமாக்கியவர்கள் நாம்தாம். மறுபடி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். புதிதாகக் கட்டில் வாங்கினோம். உணவு கட்டிலுக்கு வந்தது. உளூச் செய்யத் தண்ணீரும் கட்டிலுக்கே வந்தது. அடுப்படிக்குப் போய்வருகிறேன் என்று எழுந்தால், ‘நீங்கள் ஏன் உம்மா சிரமப்படுகிறீர்கள், படுத்திருங்கள்’ என்று தடுத்தோம். பார்த்தவர்கள் எல்லாம் எம்மைப் பாராட்டினார்கள். மூன்று மாதம் கழித்து உம்மா எழுந்து நிற்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். விழுந்ததால் கெடாத கால்கள் படுத்ததால் கெட்டன. முதியவர்கள் படுக்கையில் கிடந்தால் சில நாள்களிலேயே தசை வலுவிழக்கத் தொடங்குகிறது. விழும் அபாயம் அதனால் கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. இன்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். நாம் கேட்கவில்லை. பெற்றோரிடம் கடிந்து பேசலாகாது என்ற கட்டளையைக் காத்தோம்; அவர்களைக் கேளாமலே அவர்களுக்காக முடிவெடுத்தோம்.

ஷைஸரில் அந்த எழுபது வயது மகன் வேண்டினார், அன்னை மறுத்தார். அதற்குமேல் அவர் வற்புறுத்தியதாக உஸாமா எழுதவில்லை.

இனி வேறொன்றைக் கேட்கவேண்டும். காலையில் எண்ணெய் தடவிவிடு, உணவை மூன்று வேளையாகப் பிரித்துக்கொடு, பால் ஒத்துக்கொள்கிறதா என்று பார் என்று மருத்துவர் எழுதிவிட்டார். செய்தது யார்? வரலாற்று நூல்கள் மருத்துவர் பெயரைச் சொல்கின்றன. அவரை ஆதரித்த அமீரின் பெயரைச் சொல்கின்றன. மருந்தின் எடையைக்கூடச் சொல்கின்றன. எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திய கையைச் சொல்வதில்லை. அக்கை மகளுடையதாக இருக்கும். மருமகளுடையதாக, அல்லது லுஃலுஆ போன்ற ஒரு பணிப்பெண்ணுடையதாக இருக்கும். ஒரு பணிப்பெண்ணின் பெயரை உஸாமா எழுதிவைத்தது எத்துணை அரிய செயல் என்பது அப்போதுதான் புலப்படுகிறது. நம் வீடுகளிலும் ‘மகன் தாயை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான்’ என்று ஊர் சொல்லும்போது, பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அந்த மகன் அல்லர்.

வீட்டால் முடியாதபோது என்ன ஆயிற்று? இதற்கும் ஏடுகளில் விடை உண்டு. கலீபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (இறப்பு 798) எழுதிய வரிவிதிப்பு நூலான ‘கிதாபுல் கராஜ்’ ஒரு நிகழ்ச்சியைத் தருகிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வாயிலில் இரந்து நின்ற பார்வையிழந்த முதியவரைக் கண்டார்கள். விசாரித்ததில் அவர் யூதர் என்றும், ஜிஸ்யா வரியும் வறுமையும் வயதும் அவரை இரக்கவைத்தன என்றும் தெரிந்தது. கைப்பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பின்பு பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆளனுப்பி, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனிக்கும்படி பணித்தார்கள். இளமையில் ஒருவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அவரிடமும் அவரைப் போன்றாரிடமும் ஜிஸ்யா வாங்குவதும் நிறுத்தப்பட்டது.

இது தருமமாகச் செய்யப்படவில்லை, கணக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். உழைத்த காலத்தில் கொடுத்தவர் ஓய்ந்த காலத்தில் பெறுகிறார். ஓய்வூதியம் என்று நாம் இன்று சொல்வதன் கருத்து இதுதான். அதே நூல், 633இல் ஹீரா நகரத்துக் கிறிஸ்தவர்களுடன் காலித் இப்னு வலீத் (ரலி) செய்த உடன்படிக்கையையும் தருகிறது. உழைக்க இயலாமல் தளர்ந்த முதியவர், இடருற்றவர், செல்வம் இழந்து வறியவரானவர் ஆகியோருக்கு ஜிஸ்யா இல்லை. அவரையும் அவர் குடும்பத்தையும் பைத்துல்மால் தாங்கும் என்பது அதன் ஒரு பிரிவு. உமய்யா கலீபா முதலாம் வலீத் (705–715) பார்வையற்றவர்க்கு வழிகாட்டியும் நடக்க இயலாதவர்க்குப் பணியாளும் அமர்த்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எல்லா ஆட்சியாளரும் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்தார்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. முதியவர்களிடமும் இரக்கமின்றி வரி பிழிந்த அதிகாரிகளும் இருந்தார்கள். அபூயூசுஃப் அந்நிகழ்ச்சியைக் கலீபாவுக்கு நினைவூட்ட நேர்ந்ததே, நினைவூட்டவேண்டிய நிலை இருந்ததால்தானே!

மருத்துவமனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நம் ஏடுகளில் அவை பலமுறை எழுதப்பட்டவை. தளபதியாக இருந்தபோது ஸிரியாவில் நோயுற்று, டமாஸ்கஸின் நூரீ மருத்துவமனை மருந்தால் குணமடைந்த கலாவூன், ஸுல்தானானதும் 1284இல் கெய்ரோவில் மன்ஸூரீ மருத்துவமனையை எழுப்பினார். ஆண், பெண், செல்வர், வறியவர், உள்ளூரார், வெளியூரார் எவரும் வரலாம். இத்தனை நாள்தான் தங்கலாம் என்ற வரம்பும் இல்லை என்றது அதன் வக்ஃபுப் பத்திரம். நம் பொருளுக்கு மிக நெருங்கியது அப்பத்திரத்தின் வேறொரு விதி. வீட்டிலேயே நோயுற்றுக் கிடக்கும் ஏழைகளுக்கு மருந்தும் பானமும் உணவும் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படவேண்டும் என்பது அது. வரமுடியாதவரிடம் மருத்துவமனை போகவேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் எண்ணியிருக்கிறார். தமிழகத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியபோது நமக்கு அந்த விதிதான் நினைவுக்கு வந்தது.

முதுமையோடு வரும் கண்புரையையும் இங்கே குறிப்பிடவேண்டும். எகிப்தில் கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தம் நூலில் விவரித்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய பெருமருத்துவர் அர்ராஸீ, முதுமையில் பார்வை இழந்தபோது, உலகத்தைப் போதுமளவு பார்த்தாயிற்று என்று சொல்லிக் கண் மருத்துவத்தை மறுத்துவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, இன்று நம் பெரியவர்கள் பலர் ‘இனி எதற்கு’ என்று சொல்லிப் புரையோடு காலம் தள்ளுவதைப் பார்க்கிறோம். அம்மாரின் ஊசியைவிட மிகப் பாதுகாப்பான சிகிச்சை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும்போது, ‘இனி எதற்கு’ என்ற சொல் அவர்கள் விருப்பமா, அல்லது பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாதென்ற கூச்சமா என்பதை அருகில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

சட்டத்துக்கு வருவோம். வசதியுள்ள பிள்ளை வறிய பெற்றோரைப் பேணவேண்டும் என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் நன்மையான செயல் என்று விட்டுவிடாமல், காழி ஆணையிட்டு வசூலிக்கத்தக்க கடனாகவே வைத்தன. பெற்றோர் வேறு சமயத்தவராயினும் அந்தக் கடன் நீங்காது. தந்தையால் இன்னும் உழைக்க முடியுமே என்று மகன் தட்டிக்கழிப்பதையும் ஹனஃபீ சட்டத்தார் ஏற்கவில்லை. இந்திய அரசு 2007இல் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. மகனோ மகளோ பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகைக்கு ஆணை பெறலாம். முதியவரைக் கைவிட்டுச் செல்வோருக்கு மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு என்றது அச்சட்டம். நம் முதியவர்களில் அங்கே போகத் துணிபவர் சிலரே. பிள்ளை மீது வழக்கா என்ற எண்ணமே வாயை அடைத்துவிடும்.

அன்றியும், நம் குடும்பங்களில் பலவற்றுக்குத் துயரம் காசில் இல்லை. 1970களிலிருந்து நம் கடற்கரை ஊர்களிலும் உள்ளூர்களிலும் இருந்து பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். அதற்கு முன்பே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன பழக்கம் நமக்கு உண்டு. மாதம் தவறாமல் பணம் வருகிறது. பளிங்குத் தரை போட்ட வீடு இருக்கிறது. பளிங்குத் தரையில் ஈரம் பட்டால் எழுபது வயதுக் கால் நிற்காது என்பதை வீடு கட்டிய யாரும் எண்ணவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழக மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் அறுபது கடந்தவர்கள். அதன்பின் அவ்வெண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. நம் ஜமாஅத்துகள் பல இன்று பைத்துல்மால் நடத்துகின்றன. கல்வி உதவிக்கும் திருமண உதவிக்கும் அங்கே பதிவேடு உண்டு. பிள்ளைகள் கடல் கடந்திருக்கத் தனித்திருக்கும் முதியவர் நம் மஹல்லாவில் எத்தனை பேர், அவர்களில் மருந்து வாங்கிவர ஆள் இல்லாதவர் எத்தனை பேர் என்பதற்கு ஒரு பதிவேடு இருந்தால், கலாவூனின் பத்திரம் சொன்ன அந்த ஒரு விதியையாவது நாம் செயலாக்கலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு இளைஞர்கள் போய்வந்தால் போதும்.

எம் உம்மாவின் கதையை நடுவில் விட்டுவிட்டோம். கானூனின் அந்த அத்தியாயத்தைப் படித்த பின்பு மருத்துவரிடம் மீண்டும் போனோம். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவரை அனுப்பினார். முதல் நாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைகளை உயர்த்தி இறக்குவது மட்டும்தான். கால் எழாவிட்டால் என்ன, கை இருக்கிறதே! பத்தாம் நாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிணற்றடிக்கு மறுபடி போகமுடியவில்லை. இழந்தது முழுவதும் திரும்பவில்லை. முற்றம் வரையில் ஒரு கையில் கோலும், மறு கையில் எம் மனைவியின் தோளுமாகப் போய்வந்தார்கள். எம் தோள் உயரம் என்று அதை உம்மா விரும்பவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்து கொடுத்தார்கள். சில நாள் காம்பும் இலையும் கலந்தே சட்டிக்கு வந்தன; யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வாண்டு பராஅத் இரவில் நின்று தொழவேண்டும் என்றார்கள். நாற்காலியில் அமர்ந்து தொழலாமே உம்மா என்றோம். முதல் இரண்டு ரக்அத்தை நின்றும், மற்றவற்றை அமர்ந்தும் தொழுதார்கள். எத்தனை நிற்பது, எப்போது அமர்வது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றவர் எம் மனைவி.